தனித்துறைச் சிறு இணையத்தளம்

தனித்துறைச் சிறு இணையத்தளம் என்பது ஒரே ஒரு குறுகிய பொருளைப் பற்றி மட்டும் எழுதப்படும் சிறிய இணையத்தளம் ஆகும். ஆங்கில வழக்கில் இது நிச் சைட் எனப்படும். சமையல் என்பது பரந்த பொருள். புதிய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது தனித்துறை. தோட்டக்கலை பரந்த பொருள். மொட்டை மாடித் தொட்டியில் மிளகாய் வளர்ப்பது தனித்துறை. இத்தகைய தளங்களைப் பெரும்பாலும் ஒருவரே ஓய்வு நேரத்தில் நடத்துகிறார். விளம்பரம், பரிந்துரைத் தரகு, சொந்த மின்னூல் விற்பனை ஆகியவற்றின் மூலம் இதில் வருவாய் கிடைக்கலாம். அந்த வருவாய் நடத்துபவரின் உழைப்பை மட்டும் சார்ந்ததன்று. அவரால் கட்டுப்படுத்த இயலாத சில பெரிய நிறுவனங்களின் முடிவுகளையும் சார்ந்தது. ஆகவே இதை ஒரு பொழுதுபோக்காகத் தொடங்குவதற்கும், வாழ்வாதாரமாக நம்பித் தொடங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

தோற்றமும் வளர்ச்சியும்

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் தங்களுக்குப் பிடித்த பொருளைப் பற்றித் தனிமனிதர்கள் இலவசமாகப் பக்கங்கள் எழுதினர். அதில் பணம் ஈட்டும் வழி பின்னரே வந்தது. 1996-ஆம் ஆண்டு அமேசான் தனது அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு தளத்திலுள்ள இணைப்பைச் சொடுக்கி வருபவர் பொருள் வாங்கினால், அத்தளத்தின் உரிமையாளருக்குத் தரகு வழங்கும் திட்டம் இது. 2003-ஆம் ஆண்டு இரண்டு முக்கிய நிகழ்வுகள் நடந்தன. மே மாதம் வேர்டுபிரஸ் என்னும் இலவச மென்பொருள் வெளியானது. நிரலாக்கம் அறியாதவரும் தளம் அமைக்க அது வழி செய்தது. ஜூன் மாதம் கூகுள் தனது ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அதன்பின் சிறிய தளத்தின் உரிமையாளர் விளம்பரதாரர்களை நேரில் தேடி அலையத் தேவையில்லாமல் போயிற்று.

இத்தகைய தளங்கள் நிலைக்க முடியும் என்பதற்குரிய பொருளியல் விளக்கத்தைக் கிறிஸ் ஆண்டர்சன் 2004-இல் வயர்டு இதழில் எழுதிய கட்டுரை மூலம் பரவலாக்கினார். அவர் அதை நீண்ட வால் என்று அழைத்தார். மிகப் பலர் தேடும் பொருள்கள் சிலவே. மிகச் சிலர் தேடும் பொருள்களோ எண்ணற்றவை. கடையின் அலமாரியில் அவற்றுக்கு இடம் கிடைக்காது. இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பேட் பிளின் என்ற அமெரிக்கர் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், கட்டடங்களின் சுற்றுச்சூழல் தரம் தொடர்பான லீட் தேர்வுக்குப் படித்தபோது, தம் குறிப்புகளை ஒரு தளத்தில் எழுதி வைத்தார். 2008-இல் அவர் வேலை இழந்தார். அதே குறிப்புகளை மின்னூலாக்கி விற்றதே அவருக்கு அடுத்த தொழிலாயிற்று. வாசகர் வருவாய்க்கு முன்பே வந்துவிட்டனர் என்பது இதில் கவனிக்கத்தக்கது. தளம் முதலில் அவருடைய சொந்தத் தேவைக்காகவே எழுதப்பட்டது.

இயங்கும் முறை

ஒரு தளத்துக்கு ஆள்களப் பெயர், கோப்புகளை வைத்திருக்கும் வழங்கி, கட்டுரைகள் ஆகிய மூன்றும் தேவை. ஆள்களப் பெயர் என்பது தளத்தின் முகவரி. இதை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். முதல் ஆண்டில் தள்ளுபடி விலையில் கிடைக்கும் பெயர், அடுத்த ஆண்டு கூடுதல் விலைக்குப் புதுப்பிக்கப்படுவது வழக்கம். கூகுளின் பிளாகர் போன்ற இலவச சேவைகளில் இச்செலவுகள் இல்லை. ஆனால் அங்கே தளம் பிறர் நிலத்தில் கட்டிய வீட்டைப் போன்றது.

வாசகர்களுள் பெரும்பாலோர் தேடுபொறி வழியாகவே வருகின்றனர். அவர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "மிளகாய்ச் செடியில் பூ ஏன் உதிர்கிறது?" என்று தேடுபவருக்கு அந்தக் கேள்விக்கான விடை வேண்டும், மிளகாயின் வரலாறு அப்போது வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு கேள்விக்கு முழுமையாக விடை சொல்வதும், தொடர்புடைய பக்கங்களை ஒன்றோடொன்று இணைப்பதும், தலைப்பைத் தெளிவாக வைப்பதும் தேடுபொறி உகப்பாக்கத்தின் அடிப்படைகள் ஆகும்.

வருவாய் வழிகள்

விளம்பரம்: ஆட்சென்ஸ் திட்டத்தில் சேர்ந்தவரின் பக்கங்களில் கூகுள் தானே விளம்பரங்களை இடுகிறது. விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தள உரிமையாளருக்குச் சேரும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியை உறுதி செய்வதற்கான எண் ஒன்று அஞ்சலில் அனுப்பப்படும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். தம் தளத்தின் விளம்பரங்களைத் தாமே சொடுக்குவதும், உறவினர் நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் விதிமீறல்கள். இதனால் கணக்கு மூடப்படலாம்.

பரிந்துரைத் தரகு: ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை விற்கும் கடைக்கு இணைப்புக் கொடுத்தால், விற்பனையில் ஒரு விழுக்காடு தரகாகக் கிடைக்கும். அமேசானில் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பொருள் கூடையில் சேர்க்கப்பட வேண்டும் என்பது பொது விதி. தரகு விகிதத்தைக் கடையே முடிவு செய்கிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான் அறைகலன்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைத்தது. முந்தைய மாதம் 100 டாலர் மேசைக்கு 8 டாலர் பெற்றவர், அடுத்த மாதம் அதே மேசைக்கு 3 டாலர் பெற்றார். அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சொல்லும் மாறவில்லை.

சொந்த விற்பனை: மின்னூல், பயிற்சித் தாள், இணையவழி வகுப்பு போன்றவற்றைத் தாமே உருவாக்கி விற்பது மூன்றாம் வழி. இதற்கு உழைப்பு அதிகம். வாங்குபவரின் நம்பிக்கையும் தேவை. ஆனால் விலையையும் விதியையும் விற்பவரே வகுக்கிறார்.

வரவு செலவுக் கணக்கு

தொடங்குபவர் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒருவர் 40 கட்டுரைகள் எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் 6 மணி நேரம் செலவிடுகிறார் எனக் கொள்வோம். மொத்த உழைப்பு 240 மணி நேரம். மாதம் 10,000 பக்கப் பார்வைகள் கிடைக்கின்றன. ஆயிரம் பார்வைக்கு 1 டாலர் வருகிறது எனில், மாத வருவாய் 10 டாலர். முதல் 100 டாலர் சேரப் பத்து மாதங்கள் ஆகும். ஆண்டு வருவாய் 120 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என வைத்தால் 10,200 ரூபாய். ஆள்களப் பெயருக்கும் வழங்கிக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் போனால் மிச்சம் 5,200 ரூபாய். இதை 240 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 22 ரூபாய்கூட இல்லை.

இனித் தேடுபொறியின் மாற்றம் ஒன்றால் வருகை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது எனக் கொள்வோம். மாதம் 1 டாலர். ஆண்டு வருவாய் 1,020 ரூபாய். செலவு அதே 5,000 ரூபாய். 100 டாலர் சேர 8 ஆண்டு 4 மாதம் ஆகும்.

அமெரிக்கா போன்ற நாடுகளின் வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் தளங்களில் விளம்பர விலை பொதுவாக இதைவிட உயர்ந்தது. நல்ல கட்டுரைகள் பல ஆண்டுகளும் வாசகரைக் கொண்டு வரலாம். எனினும் கணக்கின் அமைப்பு மாறுவதில்லை. உழைப்பு முதலிலேயே முழுமையாகப் போடப்படுகிறது. வரவு பின்னர், சிறிது சிறிதாக, உறுதியின்றி வருகிறது.

தேடுபொறிச் சார்பு

மேற்கண்ட கணக்கின் இரண்டாம் பகுதி வெறும் கற்பனையன்று. கூகுள் தன் தரவரிசை முறையை அடிக்கடி மாற்றுகிறது. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா மாற்றம், எண்ணிக்கைக்காக எழுதித் தள்ளப்பட்ட தரம் குறைந்த பக்கங்களைக் கீழே இறக்கியது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்த தளங்களைத் தாக்கியது. இவ்விரண்டும் குறுக்கு வழியினரைக் குறிவைத்தவை.

2023 செப்டம்பர், 2024 மார்ச் மாற்றங்களின்போது உண்மையாக உழைத்தவர்களும் பாதிக்கப்பட்டதாகச் சிறு தள உரிமையாளர் பலர் முறையிட்டனர். காற்றுத் தூய்மிகளைத் தாமே வாங்கிச் சோதித்து எழுதும் ஹவுஸ்பிரெஷ் என்னும் தளம் இவற்றுள் ஒன்று. தேடுபொறி வழி வந்த வருகையில் 91 விழுக்காட்டை இழந்ததாக அத்தளத்தினர் 2024-இல் எழுதினர். நேரில் சோதிக்காத பெரிய ஊடக நிறுவனங்களின் பட்டியல்கள் தங்களுக்கு மேலே வைக்கப்படுவதாகவும் அவர்கள் குற்றஞ்சாட்டினர். பயனுள்ள விடைகளை முன்னுக்குக் கொண்டுவருவதே இம்மாற்றங்களின் நோக்கம் என்பது கூகுளின் நிலைப்பாடு.

2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமும் காட்டப்படுகிறது. பின்னர் இது இந்தியாவுக்கும் வந்தது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், அந்த விடைக்கு மூலமான பக்கத்தை வாசகர் திறக்க வேண்டியதில்லை. திறக்காத பக்கத்தில் விளம்பர வருவாயும் இல்லை.

தமிழில்

ஆட்சென்ஸ் 2018-ஆம் ஆண்டு தமிழ் மொழிக்கு ஆதரவு வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் தமிழ்த் தளங்கள் இத்திட்டத்தில் முறையாகச் சேர இயலவில்லை. தமிழில் பல குறுகிய பொருள்கள் பற்றி விரிவான கட்டுரைகள் குறைவு. ஆகவே போட்டியும் குறைவு. மறுபுறம், வாசகர் எண்ணிக்கையும் விளம்பர விலையும் ஆங்கிலத்தை விடக் குறைவாகவே உள்ளன. வருவாயை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தமிழில் எழுதுவது இலாபமற்றதாகத் தோன்றலாம். ஆனால் உள்ளூர் நெல் வகைகள், கோலம், பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தல் போன்ற பொருள்களில் ஒருவர் எழுதி வைக்கும் குறிப்பு, தமிழில் அப்பொருளுக்கான ஒரே எழுத்துப் பதிவாக அமைந்துவிடவும் கூடும்.

விதிகளும் எச்சரிக்கைகளும்

தரகு பெறும் இணைப்பு எது என்பதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டு நெறிகளை வலைப்பதிவருக்கும் விரிவாக்கியது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பரிந்துரைகளுக்கு இதுபோன்ற நெறிகளை வெளியிட்டது. தளத்தால் வரும் தொகை சிறியதாயினும் வருமானமே. வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும்.

மருந்து, முதலீடு, சட்டம் ஆகியவற்றில் தவறான செய்தி வாசகருக்குக் கேடு விளைவிக்கும். முறையான பயிற்சி இல்லாதவர் இத்துறைகளைத் தவிர்ப்பது நன்று. பிற தளங்களின் படங்களையும் கட்டுரைகளையும் எடுத்து இடுவது பதிப்புரிமை மீறலாகும்.

இத்துறையில் பணம் இழப்பவர் பலர் இழப்பது தளம் நடத்தியதால் அன்று. தளம் நடத்தக் கற்றுத் தருவதாகக் கூறும் பயிற்சிகளை வாங்கியதால். மாத வருவாயை உறுதியளிக்கும் வகுப்பு, வருவாய் வரும் ஆயத்தத் தளம், ஆயிரக்கணக்கான வருகையை விலைக்குத் தருவதாகச் சொல்லும் விளம்பரம் ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. பணி ஓய்வுத் தொகையை வைத்திருப்போரும் வேலை தேடும் இளைஞரும் இவற்றுக்கு எளிதில் இலக்காகின்றனர். வருவாயை எவராலும் உறுதியளிக்க முடியாது என்பதை மேலே கண்ட மாற்றங்களே காட்டும்.

பொழுதுபோக்காக நடத்துதல்

இழந்தால் குடும்பத்தைப் பாதிக்காத தொகையை மட்டும் செலவிடுவது இதன் முதல் விதி. ஓர் ஆண்டு எழுதினாலும் சலிக்காத பொருளைத் தேர்ந்தெடுப்பது அடுத்தது. தாமே செய்து பார்த்ததை, எடுத்த அளவுகளையும் செய்த பிழைகளையும் சேர்த்து எழுதினால், பிறர் எளிதில் நகலெடுக்க முடியாத பக்கம் உருவாகும். கூகுளும் 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டு நெறிகளில் நேரடி அனுபவத்தைத் தனியொரு கூறாகச் சேர்த்தது. தேடுபொறியை மட்டும் நம்பாமல், விருப்பமுள்ள வாசகரின் மின்னஞ்சல் பட்டியலைப் பேணுவதும் பயன்தரும்.

கட்டுரைகளின் நகலைத் தம் கணினியில் வைத்திருப்பது இன்றியமையாதது. ஆள்களப் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் அது வேறொருவர் கைக்குப் போகலாம். நடத்துபவர் நோயுற்றாலோ மறைந்தாலோ, கடவுச்சொல் தெரிந்தவர் வீட்டில் இல்லையெனில், பல ஆண்டுகளின் உழைப்பு ஒரே நாளில் மறைந்துவிடும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பக்கங்களைச் சேமித்து வைப்பதும், நம்பிக்கையான ஒருவரிடம் கணக்கு விவரங்களைக் குறித்துக் கொடுப்பதும் இதற்குத் தீர்வுகள். விளம்பர வருவாய் நின்ற பிறகும் அக்குறிப்புகள் தேவைப்படும் வாசகர் இருப்பர்.