பிளாக்செயின்: வியாபாரத்திற்கு என்ன பயன்? எங்கே சிக்கல்?

பிளாக்செயின் என்றதும் நம்மில் பலருக்கு பிட்காயின்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. பிட்காயின் ஒரு மெய்நிகர் நாணயம். அதன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் கணக்குப் புத்தகமே பிளாக்செயின். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-ல் வெளியான கட்டுரை இதை விளக்கியது. நாணயத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் வியாபாரத்திற்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

சரக்கு அனுப்பியவரிடம் ஒரு கணக்கு, லாரி சர்வீஸில் ஒரு கணக்கு, வாங்கிய நம்மிடம் வேறொரு கணக்கு. மூன்றும் ஒத்துப்போகாதபோதுதான் தகராறு வருகிறது. பிளாக்செயினில் ஒரே கணக்கின் பிரதி எல்லோரிடமும் இருக்கும். பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சேரும். ஒவ்வொரு தொகுதிக்கும் அதிலுள்ள விவரங்களைக் கொண்டே கணினி ஒரு கைரேகை போன்ற குறியீட்டை உருவாக்கும். அடுத்த தொகுதியில் அந்தக் குறியீடும் சேர்த்து எழுதப்படும். பழைய பதிவில் யாராவது 500-ஐ 5,000 ஆக்கினால் குறியீடு மாறிவிடும். பின்னால் வரும் தொகுதிகளோடும் மற்றவர்களின் பிரதிகளோடும் பொருந்தாமல் திருத்தம் அம்பலமாகிவிடும்.

இதன் பயனுக்கு வால்மார்ட் நல்ல உதாரணம். ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய சோதனையில், கடையிலுள்ள ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை 2.2 விநாடியில் கண்டுபிடித்தார்கள். முன்பு அதற்கு ஏறக்குறைய 7 நாட்கள் ஆனது. கெட்டுப்போன உணவு எங்கிருந்து வந்தது என்று தேடும்போது இந்த வேகம் சாதாரண விஷயமல்ல.

ஆனால் அதே ஐபிஎம், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துடன் 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸ், 2022 நவம்பரில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது; துறையிலுள்ள அனைவரின் ஒத்துழைப்பு தேவையான அளவுக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் எழுதாத பொதுக் கணக்கு பாதிக் கணக்குதானே!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எழுதியதை மாற்றவிடாமல் பிளாக்செயின் காக்கும். எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. கலப்பட மிளகாய்த்தூளை ஒருவர் ‘சுத்தமானது’ என்று பதிந்தால், அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும். சரக்கைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். தவறான முகவரிக்கு அனுப்பிய மெய்நிகர் பணத்தையும், வங்கியில் முறையிடுவதுபோல் முறையிட்டுத் திரும்பப் பெற வழியில்லை.

எனவே, ‘உங்கள் கடைக்கு பிளாக்செயின் மென்பொருள் போட்டுத் தருகிறோம்’ என்று வருபவரிடம், நம்மைத் தவிர வேறு யாரெல்லாம் அதில் எழுதுவார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே கடை, ஒரே முதலாளி, ஒரே கணக்கர் என்றால் டேலி போதும். ‘பிளாக்செயினில் முதலீடு செய்யுங்கள், மாதாமாதம் நிச்சய லாபம்’ என்று வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைக்கச் சொல்பவர்கள் வேறு ரகம். அவர்கள் விற்பது பெயரை மட்டுமே. அவர்களிடம் பேச்சை வளர்க்காமல் அனுப்பிவிடுவது நல்லது.