உலக்கை ஓய்ந்தது, உடலும் ஓயலாமா?

நெல்லியடிப் பெண்கள் மா இடித்த உலக்கைக்கு ஆலையும், நீர் இறைத்த துலாவுக்கு மின்மோட்டாரும் ஓய்வளித்துவிட்டன. நன்றே, ஆயின் தசைகளுக்கும் வேலை போயிற்று.

மாணவியர் சிலர் மெலிய விரும்பிப் பட்டினி கிடப்பதைக் காண்கின்றோம். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்புடன் தசையும் கரையும். அதனைக் காப்பது பளுப்பயிற்சியே.

ஆண்களைப்போல் உடல் பருத்துவிடுமென அஞ்சவேண்டா. தசையைப் பெருக்கும் சுரப்பு பெண்களிடம் மிகக் குறைவு. பெண்களின் பளுதூக்கல் முதன்முதலாக இடம்பெற்ற 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி, இருவகைத் தூக்கலிலும் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

நமக்கு அத்துணைப் பளு வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது, கிழமையில் 2 நாளேனும் தசைப்பயிற்சியும் 150 நிமிடமேனும் விரைநடை போன்ற பயிற்சியும் வேண்டுமென்பதே. கதிரையிலிருந்து கையூன்றாது எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், 1 லீற்றர் நீர்ப்போத்தலை உயர்த்துதல் ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை செய்க. மூச்சை அடக்கற்க. எளிதானபின் பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. நோயுற்றோரும் கருவுற்றோரும் முன்னரே வைத்தியரை நாடுக.

முதல் மாதம் தராசு அசையாதிருக்கலாம். அதற்காகச் சோர்தல் வேண்டா. படியேறுங்கால் முழங்கால் நற்செய்தி கூறும்.