வண்ணம் மாறாத திரை எது?

சென்ற ஆண்டு என் தங்கையின் திருமணப் படங்களைக் கணிப்பொறியில் திருத்தி, காளவாசலில் ஒரு ஸ்டூடியோவில் அச்சிடக் கொடுத்தேன். அச்சாகி வந்த படங்களில் முகங்கள் கறுத்திருந்தன. அரக்குச் சேலை ஏறத்தாழக் கறுப்பாகவே தெரிந்தது. கடைக்காரரைக் கடிந்துகொண்டேன். அவரோ பொறுமையாக, "சார், உங்க மானிட்டர்ல வெளிச்சத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றார். குற்றம் என் திரையில்தான் இருந்தது! இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அது நல்ல பாடமாயிற்று.

குறைந்த விலையில் திரை வாங்கி, ஓய்வு நேரத்தில் படங்களைத் திருத்த விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்? திரைக்குள் நடப்பதை அறிந்தால் விடை எளிது.

திரையின் பின்னால் வெண்ணிற விளக்கு எரிகிறது. அதன் முன்னே இரண்டு தளவிளைவுத் தகடுகள் உள்ளன. முதல் தகடு ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே விடும். இரண்டாவது தகடு அதற்குக் குறுக்காக நிற்பதால் அந்த ஒளியைத் தடுத்துவிடும். இவற்றின் இடையே இருப்பது திரவப் படிகம். 1888-ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் ரைனிட்சர் கவனித்த விந்தைப் பொருள் இது. மின்னழுத்தத்திற்கேற்ப இதன் மூலக்கூறுகள் திரும்பி, வேண்டிய அளவு ஒளியை வெளியே விடுகின்றன. அவ்வொளி சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே வந்து வண்ணப் படமாகிறது.

மூலக்கூறுகள் திரும்பும் விதத்தில்தான் வேறுபாடு. டி.என். வகைத் திரையில் அவை நம்மை நோக்கி நிமிர்கின்றன. ஆகவே பார்க்கும் கோணம் மாறினால் வண்ணமும் மாறுகிறது. தாழ்வான மேசையிலிருந்த என் பழைய திரையை மேலிருந்து பார்த்ததால் படம் வெளிறித் தெரிந்தது. நானோ அதை மேலும் மேலும் இருட்டாக்கினேன்!

இக்குறையைக் குறைத்ததில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகரும் உடன் ஆய்வாளர்களும் 1977-இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகள் கொண்ட திரவப் படிகங்களைக் கண்டறிந்தனர். பின்னாளில் அத்தகைய மூலக்கூறுகளைக் கொண்ட படலங்கள் டி.என். திரைகளின் பார்வைக் கோணத்தை அகலமாக்கின. ஆயினும் குறை முற்றிலும் நீங்கவில்லை.

ஐ.பி.எஸ். வகையில் மூலக்கூறுகள் திரைக்கு இணையான தளத்திலேயே சுழல்கின்றன. பக்கவாட்டில் பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறாது. மலிவான திரைகளிலும் இவ்வகை இப்போது கிடைக்கிறது. படம் திருத்த இதுவே ஏற்றது.

கடைக்குச் செல்கையில் நன்கறிந்த முகமுள்ள படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். திரையில் அதைப் பெரிதாக்கி, மேலும் கீழும் பக்கங்களிலும் நகர்ந்து பாருங்கள். முகத்தின் நிறம் மாறினால் அத்திரை வேண்டாம். அடுத்து, விவரத்தாளில் எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண எல்லையில் எத்தனை விழுக்காட்டைத் திரை காட்டும் என்று பாருங்கள். 95-க்கு மேல் இருந்தால் நன்று. "என்.டி.எஸ்.சி. 45" என்றிருந்தால் அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் மங்கியே தெரியும். 24 அங்குலத் திரையில் 1920 × 1080 புள்ளிகள் போதும். ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.28 மில்லிமீட்டர்தான். வளைந்த திரைக்கும், விளையாட்டுகளுக்கான மிகு வேகத்திற்கும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வாங்கியபின் ஒரு வேலை உண்டு. புதிய திரைகள் பெரும்பாலும் மிகு வெளிச்சத்துடன் வருகின்றன. அறை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத்தாளைத் திரையருகே பிடியுங்கள். திரையின் வெண்மை தாளின் வெண்மையை ஒத்திருக்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். சன்னல் வெயில் திரையில் படாதிருக்கட்டும். முதலில் ஒரே ஒரு படத்தை அச்சிட்டுத் திரையுடன் ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்து, அந்தத் திருமணப் படங்களை மீண்டும் திருத்தி அச்சிட்டேன். இம்முறை சேலை அரக்காகவே வந்தது. கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.