சூடேறினால் நின்றுவிடும் சத்தம்

பழைய கார் ஒன்று இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உறுமத் தொடங்குகிறது. அந்த உறுமலுக்கு நடுவே ‘டிக், டிக், டிக்’ என்று ஒரு மெல்லிய தட்டல் கேட்கிறது. ஐந்து நிமிடம் ஓடியதும் தட்டல் தானாகவே நின்றுவிடுகிறது. “சூடானால் சரியாகிவிடும்” என்கிறார் உரிமையாளர்.

உண்மையிலேயே சரியாகிவிட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், காரின் புகைக்குழாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பேச்சில் ‘எக்ஸோஸ்’ என்கிறோமே, அதுதான். இந்தக் குழாய்க்குள் நம் பாடநூல் அறிவியல் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உயிர் காக்கும் ஒரு பாடமும் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ‘மஸில் கார்’ ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காருக்குள் பெரிய வி-8 இஞ்சினைப் பொருத்தி, சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் விற்பது அந்தக் கார்களின் சூத்திரம். 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ இந்த வரிசையைத் தொடங்கி வைத்தது என்பார்கள். நாம் பார்க்கப்போவது அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்த 1969 செவர்லே கமேரோ. அதில் கிடைத்த இஞ்சின்களில் ஒன்று 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களின் இஞ்சின் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஒரு நொடிக்கு நாற்பது முறை

நான்கு வீச்சு இஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரியும். நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 600 சுழற்சியில் ஓடும் இஞ்சினில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 5 முறை எரிகிறது. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 40 முறை. ஆகவே புகைக்குழாயில் வாயு ஆற்றுநீர் போல ஒரே சீராகப் போவதில்லை. நொடிக்கு நாற்பது முறை குப்குப்பென்று துடித்துப் போகிறது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் அழுத்தம் சட்டென்று குறையும். குழாயில் சிறு இடுக்கு இருந்தால், துடிப்பு வரும்போது வாயு வெளியே சீறும். அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காலையில் கேட்ட ‘டிக், டிக்’ அந்தச் சீறல்தான்.

செவர்லே வி-8 இஞ்சினின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். வரிசையை மறுபடி பாருங்கள். 8, 4 இரண்டும் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து எரிகின்றன. 5, 7 இரண்டும் இடப்பக்கத்தில் அடுத்தடுத்து எரிகின்றன. அதனால் ஒரு பக்கக் குழாயில் துடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. மஸில் காரின் புகழ்பெற்ற அந்தத் தடதடப்புக்கு இதுவே முக்கியக் காரணம்.

சத்தம் நன்றாக இருக்கிறதே என்று பழைய குழாயை அப்படியே விட்டுவிட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியேறிவிடும். ஆனால், சேகரிப்பாளரின் கார் வாரம் ஒருமுறை பக்கத்துத் தெருவரை போய்வரும். அந்தத் தண்ணீர் குழாயிலும் மஃப்ளரிலும் தங்கி, உள்ளிருந்தே துருவாக்கும். கமேரோவின் மஃப்ளர் பின்னச்சுக்கும் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. இஞ்சினிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் அது சூடேறவும் நேரமாகும். பழைய கார்களுக்குப் புதிய புகைக்குழாய்ப் பாகங்கள் தேவைப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரும்பு நீள்கிறது

இஞ்சினின் தலைப்பகுதியோடு ஒட்டியிருக்கும் முதல் பாகம் மேனிஃபோல்ட். நான்கு துளைகளிலிருந்து வரும் வாயுவை ஒரே குழாயில் சேர்க்கும் வார்ப்பிரும்புத் துண்டு அது. வண்டி கடுமையாக ஓடும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இஞ்சின் தலையையோ தண்ணீர் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வெப்பம் 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு விரியும். 40 செ.மீ. நீளமுள்ள மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் 2.2 மி.மீ. நீளும். இஞ்சின் தலை அதில் சிறு பங்குதான் நீளும். நடுவிலிருந்து கணக்கிட்டால் மேனிஃபோல்டின் ஒவ்வொரு முனையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்கிறது. பழைய கார்களில் இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளே பெரும்பாலும் முதலில் உடைவதன் காரணம் இப்போது புரியும்.

குழாய்க்கும் இதே கணக்கு. மூன்று மீட்டர் எஃகுக் குழாய் சராசரியாக 200 டிகிரி சூடேறினால் சுமார் 7 மி.மீ. நீளும். அதற்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் போட்டால் நீட்சி சுமார் 10 மி.மீ. துருவிலிருந்து தப்பிக்கப் புதிய உலோகத்துக்கு மாறுகிறவர் அது கூடுதலாக நகர்வதற்கும் இடம் விட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். புகைக்குழாய் நகர இடம் வேண்டும். ஆனால், வாயு கசிய இடம் இருக்கக்கூடாது. நகரவிடத் தளர்த்தினால் கசியும். கசியாமல் இருக்க எங்கும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று உடையும், பிறகு அங்கேயும் கசியும். பாகங்களைப் பொருத்தும் விதிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான்.

பொருத்தும் முறையில் உள்ள அறிவியல்

முதல் வேலை பழையதைக் கழற்றுவது. ஐம்பது ஆண்டுத் துரு போல்ட்டையும் துளையையும் ஒன்றாக்கியிருக்கும். முரட்டு பலத்தைக் காட்டினால் போல்ட் தலை முறிந்து, மீதி உள்ளேயே தங்கிவிடும். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே தெளித்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. நுண்துளை ஏற்றத்தால் எண்ணெய் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். போல்ட்டைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்துக் கழற்ற வேண்டும்.

மேனிஃபோல்டை மாட்டுவதற்கு முன்பு அதன் முகம் தட்டையாக இருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். பல ஆயிரம் முறை சூடேறி ஆறிய வார்ப்பிரும்பு வளைந்திருக்கக்கூடும். வளைந்த முகத்தைப் போல்ட்டால் இழுத்து நிமிர்த்த முயன்றால் அது விரிசல் விடும். அதைக் கடைசல் பட்டறையில் சீவித் தட்டையாக்கிக்கொள்வதே முறை.

போல்ட்டுகளை எப்போதும் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். மேசைவிரிப்பை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீவினால் சுருக்கம் விழாது அல்லவா? அதே தத்துவம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். ஒருமுறை ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் அவசியம். இடையில் உள்ள கேஸ்கெட் முதல் சூட்டில் சற்று அமுங்கிவிடும்.

மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் இருப்பது வடை வடிவ வளையம். அதன் வெளிப்புறம் உருண்டையாக இருப்பது அழகுக்காக இல்லை. நம் இடுப்பு எலும்பின் பந்துக்கிண்ண மூட்டைப் போல, குழாய் சற்றுச் சாய்ந்தாலும் அங்கே இடைவெளி திறக்காது. நகரவும் செய்யும், கசியாமலும் இருக்கும்.

குழாய்க்கு ஏன் சாய்வு வருகிறது? ஏனென்றால், இஞ்சினும் ஆடுகிறது. சக்கரங்களை நோக்கி இஞ்சின் ஒரு முறுக்கு விசையைக் கொடுக்கும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு எதிர்விசை இஞ்சினைத் திருப்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இந்தக் காரின் இஞ்சின் இடப்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதைத் தாங்குபவை ரப்பர் தாங்கிகள். இந்த விசை சாதாரணமானது அல்ல. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், 1967 முதல் 1969 வரையிலான கமேரோ உட்படச் சுமார் 67 லட்சம் செவர்லே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. ரப்பர் தாங்கி பிரிந்தால் இஞ்சின் எழும்பி, ஆக்சிலரேட்டரைத் திறந்தபடியே சிக்கவைக்கக்கூடும் என்பதே காரணம். புதிய குழாய் போடும்போது தாங்கிகளையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பின்னால் போகும் குழாய்களை முதலில் தளர்வாகவே கோத்து, முழு வரிசையும் நேராக அமைந்த பிறகு, முன்னிருந்து பின்னாக இறுக்குவார்கள். ஒரு மூட்டை முதலிலேயே இறுக்கிவிட்டால் அடுத்த மூட்டு வலுக்கட்டாயமாக வளைந்து உட்காரும். அந்த அழுத்தம் உலோகத்தில் தங்கிவிடும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், தரைத்தகடு ஆகியவற்றிலிருந்து புகைக்குழாய் தள்ளியே இருக்க வேண்டும். ரப்பர் தொங்கிகளில் தொங்கினால்தான் அது நீளவும் அதிரவும் முடியும்.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. காரைத் தூக்கி நிறுத்தினால் பின்னச்சு கீழே தொங்கும். அப்போது அச்சுக்கு மேலே போகும் குழாய்க்கு நிறைய இடம் இருப்பது போலத் தோன்றும். காரை இறக்கியதும் அச்சு மேலே வந்து குழாயில் இடிக்கும். ஆகவே காரின் எடை சக்கரங்களின் மீது இருக்கும் நிலையில்தான் இடைவெளியை அளக்க வேண்டும். காருக்கு அடியில் போகிறவர் ஜாக்கை மட்டும் ஒருபோதும் நம்பக்கூடாது. உறுதியான தாங்குகால்கள் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

‘இவ்வளவு கவனம் எதற்கு? கொஞ்சம் சத்தம்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். கசிவது வெறும் சத்தம் அல்ல.

அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது 1975 மாடல்களிலிருந்துதான். 1969 காரில் அது கிடையாது. கார்புரேட்டர் தரும் பெட்ரோல் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூய காற்றுக்கு வந்த பிறகும், ரத்தத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகலாம். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். வெயிலால் வந்த களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமல் போனவர்கள் உண்டு.

இஞ்சின் அறையில் கசியும் வாயு, பழைய காரின் துருத்துளை வழியாகவும் காய்ந்துபோன ரப்பர் அடைப்பு வழியாகவும் உள்ளே வரும். வால்குழாய் காரின் உடலுக்கு வெளியே நீட்டியபடி முடிய வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஓடும் காரின் பின்புறத்தில் அழுத்தம் குறைவு. வெளியேற்றிய புகையைக் கார் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். குழாய் அடியிலேயே முடிந்தாலோ பின்கதவின் ரப்பர் கிழிந்திருந்தாலோ அந்தப் புகை நமக்கே திரும்பி வரும்.

சோப்பு நுரை சொல்லும் உண்மை

வேலை முடிந்ததும் கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இஞ்சின் ஓடாமல், குழாய் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு வால்குழாயை அடைத்து, மற்றொன்றில் ப்ளோவரால் மெல்லக் காற்றை ஊதுங்கள். மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி எழும்பும் இடத்தில் கசிவு. மஃப்ளரின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே விட்ட சிறு துளை இருந்தால் அங்கே குமிழி வருவது இயல்பு. கையை வைத்துக் கசிவைத் தேடவே கூடாது. இஞ்சினை முதன்முறை இயக்குவதும் திறந்தவெளியில்தான். புதிய பாகங்களில் பூசிய எண்ணெய் எரிந்து சிறிது நேரம் புகையும்.

இப்போது அந்தக் காலை நேரத்து ‘டிக், டிக்’குக்குத் திரும்புவோம். சத்தம் நின்றதற்குக் காரணம், இரும்பு விரிந்து இடுக்கைத் தற்காலிகமாக மூடியதுதான். கோளாறு சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் அந்த இடுக்கில் சூடான வாயு சீறி, கேஸ்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஒரு நாள் இரும்பு எவ்வளவு விரிந்தாலும் இடுக்கு மூடாது.

கமேரோ நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். வீட்டு வாசலில் நிற்கும் பத்து வயதுக் காருக்கும் இதே இயற்பியல்தான். காலையில் தட்டல் கேட்டாலோ, காருக்குள் புகை வாடை வந்தாலோ, வண்டியில் ஏறினால் மட்டும் தலைவலி வந்தாலோ, சன்னலை இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். சத்தம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.