கறுப்பு வெள்ளைக்கு மசியாதவர்

1966. பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஹென்றி கார்டியே-ப்ரெஸ்ஸான் ஜெய்ப்பூரில் படமெடுத்தபோது, கூடவே இருந்து கவனித்தார் உள்ளூர் இளைஞர் ரகுபீர் சிங். தெருக் கூட்டத்தில் சரியான கணத்தைப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். மேதையின் கறுப்பு வெள்ளையை மட்டும் ஏற்கவில்லை.

கலர் விளம்பரத்துக்குத்தான் லாயக்கு, கலைக்கு ஆகாது என்றே மேலைநாட்டுப் புகைப்பட உலகில் பலர் நினைத்த காலம் அது. நிறமில்லாமல் இந்தியாவைப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம் என்பது சிங்கின் கட்சி. கோடக்ரோம் சுருள்களுடன் கங்கைக் கரையில் அலைந்தார். 1974ல் ‘கங்கா’ நூல் வெளிவந்தது.

பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று குடியிருந்தாலும், படமெடுக்க வந்தது இந்தியாவுக்குத்தான். கறுப்பு வெள்ளையில் புகழ்பெற்ற அமெரிக்கர் லீ ஃபிரீட்லாண்டர் அவருக்கு நண்பர். நட்பு வளர்ந்தது, நிறம் மாறவில்லை.

1999ல் சிகாகோ கலைக்கூடம் அந்த வண்ணப் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. அதே ஏப்ரலில் 56 வயதில் சிங் மறைந்தார். வாதத்தில் வென்றுவிட்டுத்தான் போனார்.