பொட்டிபுரம் மலைக்குள் திட்டமிடப்பட்ட இரும்புக் காந்தம்

தேனி மாவட்டம் தேவாரத்தை அடுத்த பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகத்தின் மையக் கருவி, ஏறத்தாழ 50,000 டன் எடையுள்ள, காந்தமேற்றப்பட்ட இரும்பு உணர்கருவியாகும். பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் எஞ்ச, எதிர்ப்பொருள் ஏன் அருகிப்போயிற்று என்ற வினாவுக்கு விடை தேடும் முயற்சியில் இக்கருவிக்கும் ஓர் இடம் உண்டு.

ஒவ்வொரு வகைத் துகளுக்கும் அதே நிறையும் எதிரான மின்னேற்றமும் கொண்ட எதிர்த்துகள் உண்டு. இரண்டும் சந்தித்தால் அழிந்து ஆற்றலாக மாறும். தொடக்கத்தில் இரண்டும் சமமாக இருந்திருந்தால் விண்மீன்களோ கோள்களோ தோன்றியிரா என்பதால், ஏறத்தாழ நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் மிகுந்திருக்க வேண்டும். கரும்பொருளாக இருக்கக்கூடிய ஆக்சியான் என்னும் துகளின் புலமே இம்மிகுதியையும் உண்டாக்கியிருக்கலாம் என்பது அண்மைக் கருத்துகளுள் ஒன்று; நியூட்ரினோவுக்கு நிறை தந்ததாகக் கருதப்படும் கனத்த துகள்களின் சிதைவே காரணம் என்பது ஃபுகுகிதாவும் யானகிதாவும் 1986இல் முன்வைத்த விளக்கம்.

காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோக்களும் எதிர்நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை பிற துகள்களைப் பெரும்பாலும் தடுத்துவிட, இவை மட்டும் எளிதாக ஊடுருவி வரும். அவற்றுள் மிகச் சில, 56 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகளில் மோதி மியூவான் என்னும் துகளை உண்டாக்கும். தகடுகளுக்கிடையே வைக்கப்படும், வாயு நிரம்பிய கண்ணாடி உணர்கலங்கள் அதன் தடத்தைப் பதிவுசெய்யும். நியூட்ரினோ தரும் மியூவான் எதிர்மின்னேற்றமும் எதிர்நியூட்ரினோ தருவது நேர்மின்னேற்றமும் உடையவை. ஆகையால் காந்தப்புலம் அவற்றை எதிரெதிர்த் திசைகளில் வளைத்து, வந்தது எது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

புவியின் ஊடே கடந்துவரும்போது இவ்விரண்டும் அடையும் மாற்றங்களை ஒப்பிட்டால், மூவகை நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறியலாம். அவ்வரிசை தெளிவானால், நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றனவா என்று பிற நாட்டு ஆய்வகங்கள் தேடும் விடை மேலும் உறுதிப்படும்.

1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த மரபின் தொடர்ச்சியாக, இத்திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆயினும் புலிகளின் வழித்தடமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும் பாதிக்கப்படும் என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. வைகைக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் நீர் தரும் மலைகளைக் காக்கும் அக்கறை பள்ளத்தாக்கு மக்களுக்கு உயிர்நாடியானது. அதே நேரத்தில், மதுரையில் நிறுவப்பட்ட 85 டன் மாதிரிக் கருவி வழியாக இளம் ஆய்வாளர்கள் பெறும் பயிற்சி, பெரிய கருவி எங்கு அமைந்தாலும் பயன்தரக்கூடிய அறிவுச் செல்வமாகும்.