நான்கு சக்கரமும் இழுக்கும், நிறுத்துமா?

மாணவர்களே, மழை பெய்த பின் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் சாதாரண கார் சிக்கிக்கொள்ளும். ‘ஃபோர் வீல்’ வண்டி ஏறிவிடும். ஏன்? சாதாரண காரில் இயந்திரத்தின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஃபோர் வீலில் நான்கு சக்கரங்களும் தரையைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. அதனால் நான்கு டயர்களின் உராய்வும் வண்டியை முன்னே நகர்த்தப் பயன்படுகிறது.

ஆனால், பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் உண்டு. ஆகவே, நிறுத்தும்போது ஃபோர் வீலுக்குத் தனிச் சலுகை இல்லை. ஈர மண்ணில் உராய்வு பாதியானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் 2 மடங்காகும். வேகம் 2 மடங்கானால் அத்தூரம் 4 மடங்காகும்!

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ‘ஃபோர் வீல்தானே’ என்று அப்பா வேகமெடுத்தால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.